இருபது நெல்லுக்குள் ஒரு விமானம்

பறக்கிற விமானத்தைத் தொலைநோக்கியால் துரத்துகிற உத்தியோகம், கல்யாணப் பந்தியில் பாயச வாளியைக் கண்ணால் துரத்துகிற மாதிரிதான். ஒரு நொடி அசந்தால் அது அடுத்த வரிசைக்குப் போயிருக்கும்.

முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். பக்கத்துத் தெருவுக்கும் கேட்கிற மாதிரி உரக்கவே செய்கிறேன். இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தால் என் இரண்டு கண்ணிலும் மறுபடி புரை விழட்டும். டாக்டர் உள்ளே வைத்த லென்ஸ் இரண்டும் கழன்று சாம்பாரில் விழட்டும். போதுமா? இதற்கு மேல் சத்தியம் வேண்டுமென்றால் நேரில் வாருங்கள், கற்பூரம் நீங்கள் வாங்கி வர வேண்டும்.

ஊசியில் நூல் கோர்ப்பவர்களே, தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கியவர்களே, தூரத்தில் வரும் பஸ்ஸின் பலகையைப் படித்து ஊருக்கெல்லாம் சொல்லும் பொறுப்பைத் தலையில் சுமப்பவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். கடலோரத்துச் சோதனைத் திடல் ஒன்றில் விமானங்களைத் துரத்தித் துரத்தி ஓய்வு பெற்று, குடவாசல் பக்கம் வந்து சிவனே என்று உட்கார்ந்திருந்தவன் நான். புதிதாக ஒரு தொலைநோக்கி செய்த சின்னக் கம்பெனிக்காரர்கள், எங்கள் ஊர் நெல் கிடங்கின் மொட்டை மாடியில் அதை நிறுத்திவிட்டு, அதன் முன்னால் உட்கார அனுபவமுள்ள ஆள் தேடினார்கள். மலையும் கிடையாது, மேடும் கிடையாது, எந்தப் பக்கம் திரும்பினாலும் வானம் வயலைத் தொடுகிற ஊர் என்பதால் இங்கே வந்தார்களாம். அனுபவமுள்ள ஆளும் இங்கேயே கிடைத்தது அவர்களுடைய போதாத காலம்.

கருவியைச் செய்தவள் கயல்விழி என்ற பொறியாளர். பெயரில் விழி இருக்கிறது, மூக்கில் சோடாபுட்டிக் கண்ணாடி இருக்கிறது. ஒவ்வொரு திருகையும் தன் கையால் முடுக்கியவள். சிங்கப்பூரில் கிடைத்த வேலையை இதற்காக வேண்டாமென்று சொல்லியிருந்தாள். வாங்கப்போகும் அதிகாரிகள் புரட்டாசியில் வந்து சோதிப்பார்கள். தேறாவிட்டால் கருவியைக் கழற்றி உதிரியாக விற்றுவிடுவேன் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். தையிலிருந்து புரட்டாசி வரை நாங்கள் பட்ட பாடுதான் இது.

நெல் கணக்கு

விமானம் உண்மையில் எங்கே இருந்தது என்பதை விமானத்துக்குள் இருக்கும் ஒரு பெட்டி குறித்துக்கொள்ளும். நாங்கள் எங்கே பார்த்தோம் என்பதைத் தொலைநோக்கி குறித்துக்கொள்ளும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை. அதை விகலையில் அளக்க வேண்டும். ஒரு பாகையை அறுபது கூறு போட்டால் கலை, அந்தக் கலையை இன்னும் அறுபது கூறு போட்டால் விகலை. படிக்கும்போதே கண் எரிகிறதா? எங்களுக்கும் எரிந்தது. கயல்விழி ஒருநாள் தாளில் கிறுக்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, அரைக் கிலோமீட்டருக்கு அந்தாண்ட ஒருத்தர் ஒரே ஒரு நெல்லைப் பிடிச்சிக்கிட்டு நின்னா, அந்த நெல்லோட பருமன்தான் ஒரு விகலை" என்றாள். அன்றோடு விகலை ஒழிந்தது. மாடியில் எங்கள் பேச்செல்லாம் நெல்லாகிவிட்டது. இருபது நெல்லுக்குள் பிழை இருந்தால் தேர்ச்சி. முதல் வாரம் எங்களுக்கு வந்தது நூற்றுக்கணக்கில்.

கிடங்குக்கு முன்னால் ஒரு பெரிய சிமெண்டுக் களம். அதில் சம்பா நெல்லைக் காயப்போட்டுக் காவல் இருந்தார் வைரக்கண்ணு. பக்கத்து வயல்காரர், என்னைவிடக் கொஞ்சம் இளையவர், வாய் மட்டும் மூத்தது. மேலே இருந்து நான் "இன்னிக்கு அறுபது நெல்லு போயிடுச்சும்மா" என்று கத்துவதையும், கயல்விழி "நேத்து எழுபது போச்சு, பரவாயில்லை" என்று கத்துவதையும் தினமும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். தன் நெல்லைத்தான் குழாய் வைத்து எண்ணுகிறோம் என்று முடிவு கட்டி, எங்களுக்கு இளநீர்கூட வெட்டி அனுப்பினார். நானும் குடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். குடித்த பிறகு விளக்கம் சொல்வது மரியாதையில்லை. ஒருநாள் பொறுமை போய் மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

"அறுபது நெல்லுன்னு எண்ணி எண்ணிச் சொல்றீங்களேண்ணே, தின்னது மயிலா புறாவான்னு ஒருநாளாவது சொன்னீங்களா?"

அருள் சாரின் இடுப்பு

வாடகைக்கு எடுத்த குட்டி விமானத்தை ஓட்டியவர் அருள். வேளாங்கண்ணிக்காரர். மாதாவை நினைத்து நெஞ்சில் சிலுவை போடாமல் சக்கரத்தைத் தரையிலிருந்து எடுக்கமாட்டார். குட்டி விமானம்தானே, நடுவில் எங்கேயாவது குறி வைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும்போது அந்தக் குட்டி, மூக்கிலிருந்து வால் வரை முந்நூறு நெல்லுக்கு மேல் நீளம்! மூக்கைப் பார்த்தால் ஒரு கணக்கு, வாலைப் பார்த்தால் இன்னொரு கணக்கு. இடத்தைக் குறிக்கும் பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் திரையின் கூட்டல் குறி நிற்க வேண்டும். பெட்டி இருந்தது அருள் சாரின் இருக்கைக்கு அடியில்.

ஆகவே கயல்விழி எனக்கு உத்தரவு போட்டாள்: "ஐயா, மூக்கும் வேண்டாம் வாலும் வேண்டாம். அருள் சார் இடுப்புல வைங்க." நானும் கைப்பிடியை நகர்த்தி நகர்த்தி, காலையிலிருந்து மத்தியானம் வரை அந்த மனிதருடைய இடுப்பிலேயே கண்ணாக இருந்தேன். அன்று சாயங்காலம் ஓடுதளத்திலிருந்து காரில் எங்களைப் பார்க்க வந்தார். பதிவான படத்தைப் போட்டுக் காட்டினோம். கூட்டல் குறி இடுப்பை விட்டு அசையவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். வெட்கப்பட்டது மாதிரி எனக்குத் தோன்றியது.

"என் சம்சாரம்கூட என்னை இவ்வளவு கவனமா பார்த்ததில்லைங்கய்யா. படத்துல ஒரு காப்பி கொடுங்க, வீட்டுல காட்டணும்."

ஒரு கண்

இந்தத் தொழிலில் ஒரு வியாதி உண்டு. அசைகிற பொருள் எது கண்ணில் பட்டாலும் இடக்கண் தானாக மூடிக்கொள்ளும், கழுத்து அதோடு சேர்ந்து மெல்லத் திரும்பும். சோறு தின்னும்போது ஈ பறந்தாலும் இதே கதிதான். வீட்டில் பழகிவிட்டார்கள். வெளியிடம் அப்படியா?

குடவாசல் பேருந்து நிலையத்தில் நானும் என் மனைவியும் நின்றிருந்தோம். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மாள், தலையில் கூடையோடு எங்களைத் தாண்டி நடந்தார். சீரான நடை, ஒரே வேகம். துரத்துவதற்கு அதைவிட லட்சணமான இலக்கு கிடையாது. என் கழுத்து திரும்பியது, இடக்கண் மூடியது. அந்த அம்மாள் நின்றார். கூடையை இறக்கினார். அதற்குப் பிறகு அவர் கை செருப்புக்குப் போன வேகத்தை எந்தக் கருவியாலும் துரத்தியிருக்க முடியாது. என் மனைவி பதறிப்போய்க் காப்பாற்ற வந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, இவருக்கு உத்தியோகமே இதுதான். இதுக்குன்னே கவர்மெண்ட்டுல சம்பளம் கொடுத்து வச்சிருந்தாங்க!" அந்த அம்மாள் செருப்பைக் கீழே போட்டுவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் மனைவியிடம் சொன்னார்.

"இதுக்குமா கவர்மெண்ட்டுல ஆள் எடுக்கறாங்க? எங்க வீட்டுக்காரரு சும்மாவே பண்றாரே!"

ஆட்டோவும் கொக்கும்

தொலைநோக்கியை என் கையாலும் ஓட்டலாம், கணினியிடமும் விடலாம். கணினியிடம் விடுவதற்கு எங்கள் பேச்சில் 'ஆட்டோவில் போடுவது' என்று பெயர். ஆட்டோவில் போட்டால் கேமரா படத்தைப் பார்த்து அதுவே விமானத்தைத் துரத்தும். நான் கைப்பிடியில் சும்மா ஒரு கையை வைத்துக்கொண்டு, வழி தவறினால் திருத்த வேண்டும். ஆனி மாதம் குறுவைக்கு உழவு நடந்த சமயம். வைரக்கண்ணு வயலில் டிராக்டர் சேற்றைக் கலக்கிக்கொண்டு போக, அதன் பின்னால் புழு பொறுக்க ஊரிலிருக்கும் கொக்கெல்லாம் ஊர்வலம். அருள் சார் கிழக்கே தாழப் பறந்து வந்தார். வெள்ளை விமானம், வெள்ளைக் கொக்கு. திரையில் இரண்டும் ஒரு கணம் குறுக்கே போயின. ஆட்டோ எதைப் பிடித்தது என்று சொல்ல வேண்டுமா?

நான் அந்த நேரம் பார்த்து மூக்குப்பொடி டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். "ஐயா, விமானம் ரெக்கை அடிக்குது!" என்று கயல்விழி அலறியபோதுதான் திரையைப் பார்த்தேன். என்ன துல்லியம்! கொக்கின் கழுத்தில் கூட்டல் குறி வைத்தது வைத்தபடி. அது எழும்பியது, இதுவும் எழும்பியது. அது வளைந்தது, இதுவும் வளைந்தது. கொக்குக்கு மட்டும் சோதனை வைத்திருந்தால் அன்றைக்கே எங்களுக்குத் தேர்ச்சி. கடைசியில் அது வாய்க்காலில் படுத்திருந்த எருமையின் முதுகில் இறங்கி ஒற்றைக்காலில் நின்றது. வயர்லெஸ்ஸில் அருள் சார் குரல் வந்தது: "கயல், நான் சுத்தி முடிச்சு திரும்பிட்டேன். என்னை விடாம பிடிச்சு வச்சிருக்கீங்கதானே?" கயல்விழி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அமைதியாகப் பதில் சொன்னாள்.

"சார், எங்க கணக்குப்படி நீங்க இப்ப எருமை மேல உட்கார்ந்திருக்கீங்க."

கோபுரத்தின் மேல் கண்

எந்தத் தொலைநோக்கிக்கும் காலையில் ஒரு 'பூஜ்யம்' காட்ட வேண்டும். அசையாத ஒரு பொருளைப் பார்த்து, 'இதுதான் இன்ன திசை' என்று அதற்குச் சொல்லிவிட்டுத்தான் விமானத்தைத் தேட விட வேண்டும். எங்களுக்கு வாய்த்தது மேற்கே அடுத்த ஊர்ச் சிவன் கோயில் கோபுரத்தின் நடுக்கலசம். கலசத்தின் நுனி எங்கே இருக்கிறது என்று அங்குலம் பிசகாமல் அளந்து கணினியில் போட்டிருந்தோம். தினமும் காலையில் அதுவே கோபுரத்து உச்சியைத் தேடிப் பிடித்து, பூஜ்யம் வைத்துக்கொள்ளும். பிழையும் குறைந்து நாற்பது, நாற்பத்தைந்து நெல் என்று மரியாதையான இடத்துக்கு வந்துவிட்டது. திடீரென்று ஆவணியில் ஒருநாள், எந்தப் பக்கம் பறந்தாலும் விமானம் இருக்கிற இடத்துக்கு இடப்புறமே பார்க்க ஆரம்பித்தது கருவி. பிழை முந்நூறு நெல். கயல்விழி அச்சைச் சந்தேகப்பட்டாள், திருகுகளைச் சந்தேகப்பட்டாள், கிடங்குச் சுவரைச் சந்தேகப்பட்டாள். ஒரு கட்டத்தில் என் கண்ணிலிருக்கும் லென்ஸையும் சந்தேகத்தோடு பார்த்தாள். சோறு இறங்கவில்லை அந்தப் பெண்ணுக்கு. சிங்கப்பூர்க்காரர்கள் மறுபடி கூப்பிட்டதாகவும், இன்னும் மறுக்கவில்லை என்றும் மெல்லச் சொன்னாள்.

அப்புறம் அவளுக்கே ஏதோ பொறி தட்டி, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்கே போனாள். கொஞ்ச நேரத்தில் போன். "ஐயா, ஆட்டோவை எடுத்துட்டு நீங்களே கோபுரத்தைப் பாருங்க. என்ன தெரியுது?" பார்த்தேன். கலசம் இருக்க வேண்டிய இடத்தில், கோரைப்பல்லும் முட்டைக்கண்ணும் மீசையுமாக ஒரு முகம் என்னைப் பார்த்து இளித்தது. "பூதம்மா!" என்றேன். பூதம் இல்லை, பூசணி. குடமுழுக்கு வேலை நடக்கிறது. கலசங்களை மெருகு போட இறக்கிவிட்டார்கள். கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டி, உச்சி மூங்கிலில் ஒரு திருஷ்டிப் பூசணியைக் கட்டியிருந்தார்கள், கொஞ்சம் இடப்பக்கமாக. உச்சியில் பளபளப்பாக ஒன்று இருந்தது போதும் என்று கணினி அதையே கலசமாக ஏற்றுக்கொண்டது. சாரக்கட்டு மேஸ்திரியிடம் கயல்விழி விஷயத்தைச் சொன்னாளாம்: கிழக்கே ஒரு மாடியிலிருந்து நாங்கள் தினமும் இந்தக் கோபுரத்து உச்சியையே குறி வைத்துப் பார்க்கிறோம், இந்தப் பூசணியால் எங்கள் பார்வையே கோணிப்போய்விட்டது என்று. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"கோபுரத்துமேல கண்ணு வைக்கிறவன் பார்வை கோணிப்போகணும்னுதானே கட்டினோம்! பூசணி வேலை செய்யுதுடா டேய்!"

இருந்த இடம்

பூஜ்யத்தை ஒரு தண்ணீர்த் தொட்டியின் முனைக்கு மாற்றினோம். இடப்புறப் பிழை போனது. ஆனால் நாற்பது நெல்லுக்குக் கீழே இறங்க மறுத்தது. அதில் ஒரு விசேஷம்: கூட்டல் குறி எப்போதும் விமானத்துக்குப் பின்னாலேயே விழுந்தது. மெதுவாகப் பறந்தால் கொஞ்சம் பின்னால், வேகமாகப் பறந்தால் இன்னும் பின்னால். எனக்குத் தெரிந்த எல்லாக் காரணங்களையும் சொன்னேன், காற்று, கண்ணேறு உட்பட. கயல்விழி காதில் வாங்கவில்லை. விமானத்திலிருக்கும் கடிகாரமும் மாடியிலிருக்கும் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்தாள். வித்தியாசம் கண் இமைக்கிற நேரம்கூடக் கிடையாது. ஆனால் நாம் இமைத்து முடிப்பதற்குள் விமானம் ஒரு மாட்டுவண்டி நீளம் போய்விடுகிறதே.

சரிசெய்ததும் பிழை சரசரவென்று இறங்கியது. காலை இளவெயிலில் பத்தொன்பது, பதினெட்டு என்றுகூட வந்தது. கயல்விழி அன்று முதல்முறையாக முழுசாக ஒரு தோசை சாப்பிட்டாள். விவரத்தைக் கேட்டு அருள் சார்தான் வருத்தப்பட்டார்.

"நான் இருக்கிற இடத்தைப் பாருங்கய்யான்னா, நான் இருந்த இடத்தைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க. கல்லறைத் திருநாளா கொண்டாடினீங்க?"

களத்துமேட்டுத் தேர்வு

பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி என்பார்கள். சோதிக்க இரண்டு அதிகாரிகள் வந்து இறங்கிய அன்று பொன் உருகுகிற பக்கம். காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று கயல்விழி கெஞ்சியும், பெரிய அதிகாரி உச்சிவெயிலில்தான் வேண்டும் என்றுவிட்டார். மூன்று சுற்று. மூன்றையும் சேர்த்த சராசரி இருபது விகலைக்குள் இருக்க வேண்டும். தேறாவிட்டால் அன்றைக்கே கழற்ற ஆள் தயார், லாரி கீழே நிற்கிறது. முதல் சுற்றில் அருள் சார் களத்துக்கு நேராகத் தாழ வந்தார். திரையில் விமானம் உலையில் கொதிக்கிற பருக்கை மாதிரி குதித்தது. ஆட்டோ தவித்தது, நான் கைப்பிடியில் தவித்தேன். முப்பத்துநாலு நெல்.

கயல்விழி திரையைப் பார்க்கவில்லை. மாடி விளிம்புக்குப் போய்க் களத்தைப் பார்த்தாள். சிமெண்டுத் தரையிலிருந்து கானல் எழும்பி நெளிந்துகொண்டிருந்தது. அந்த அனலுக்கு மேலாகப் பார்த்தால் விமானம் குதிக்காமல் என்ன செய்யும்? களத்தில் தண்ணீர் அடித்துக் குளிர வைக்க வேண்டும். ஆனால் களம் முழுக்க வைரக்கண்ணுவின் குறுவை நெல். ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிழக்கே மேகம் வேறு திரண்டுகொண்டிருந்தது. கயல்விழி இறங்கி ஓடினாள். நானும் ஓடினேன், என் வேகத்தில்.

"ஈரம் போகணும்னு நான் காயப்போட்டிருக்கேன், நீங்க தண்ணி ஊத்தறேங்கறீங்க. நல்லா இருக்கு தங்கச்சி நியாயம்!" என்றார் வைரக்கண்ணு.

"ஒரு ஓரமா குமிச்சு தார்ப்பாய் போட்டுடலாம்ணே. முடிஞ்சதும் நாங்களே விரிச்சுத் தர்றோம். இல்லேன்னா மாடியில இருக்கிற எங்க கருவியைக் கழற்றி அந்த லாரியில ஏத்திடுவாங்க."

வைரக்கண்ணு லாரியைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். கயல்விழியின் முகத்தைப் பார்த்தார். "குமிக்க ஆள் யாரு?" என்றார். அப்போதுதான் பின்னாலேயே இறங்கி வந்திருந்த பெரிய அதிகாரி, என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பக்கத்தில் வந்து நின்றார். வைரக்கண்ணு அவர் யார் என்றெல்லாம் கேட்கவில்லை. நெல் தள்ளும் பலகையை அவர் கையில் கொடுத்து, "அந்தப் பக்கத்திலேர்ந்து தள்ளிட்டு வாங்க தம்பி" என்றார்.

தள்ளினார் ஐயா, தள்ளினார்! இஸ்திரி கலையாத சட்டையோடு, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு. சின்ன அதிகாரி விளக்குமாற்றால் கூட்டினார், லாரி டிரைவர் தார்ப்பாய் பிடித்தார். புதுநெல்லின் சுணை தெரியாதவர்கள் பாவம். அது ஒட்டினால் உடம்பு முழுக்க அரிக்கும். பம்புசெட்டைப் போட்டு, சிமெண்டு சூடு தணிகிற வரைக்கும் தண்ணீர் அடித்துவிட்டு நாங்கள் மாடியேறியபோது, அதிகாரிகள் இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். இரண்டாவது சுற்றில் படம் குளத்துத் தண்ணீர் மாதிரி நின்றது. பதினேழு நெல். "முதல் சுற்றையும் சேர்த்துத்தான் சராசரி" என்றார் பெரியவர், சொறிந்தபடி. அப்படியானால் மூன்றாவது ஒன்பதுக்குள் வர வேண்டும். ஒன்பதை நாங்கள் கனவில்கூடக் கண்டதில்லை.

கயல்விழி என் காதருகே குனிந்தாள். "ஐயா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"ஆட்டோ சரியாத்தான் போகுது. நடுநடுவுல நீங்கதான் உதவி பண்ணிடுறீங்க. இந்தச் சுத்துல கைப்பிடியிலேர்ந்து கையை எடுத்துடுங்க."

எத்தனை வருஷத்து அனுபவம்! இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டேன். அருள் சார் வந்தார். அந்த நேரம் பார்த்துச் சுணை என் மூக்கு நுனியில் அரிக்க ஆரம்பித்தது. கையை எடுத்தால் மூக்குக்குத்தான் போகும் என்று என்ன நிச்சயம்? பழக்கதோஷத்தில் கைப்பிடிக்குப் போய்விட்டால்? கண்ணில் நீர் வழிய வழிய உட்கார்ந்திருந்தேன். விமானம் மேற்கே போய் மறைந்தது. பெரிய அதிகாரி முதுகைச் சொறிந்தபடி வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்ன அதிகாரி கணினியைப் பார்த்துப் படித்தார்: "எட்டு." கயல்விழி மனதுக்குள் கூட்டி வகுப்பது உதட்டில் தெரிந்தது. முப்பத்துநாலு, பதினேழு, எட்டு. இருபதுக்கு ஒரு மயிரிழை கீழே. அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றாமலே கண்ணைத் துடைக்கப் பார்த்தாள்.

சொன்ன சொல் தவறாமல் எல்லோருமாக இறங்கி நெல்லை விரித்தோம். மேகம் நாகப்பட்டினத்துப் பக்கம் போய்க் கடலில் பெய்ததாகக் கேள்வி. பொழுது சாய வைரக்கண்ணு ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார், 'டக்'கென்று உடைந்தது, டிராக்டரில் ஏற்றிவிட்டார். லாரி காலியாகத் திரும்பியது. கருவி இங்கேயே இருக்கும், இதைப் போல இன்னும் இரண்டு செய்ய வேண்டும், செய்வது கயல்விழி என்று பெரிய அதிகாரி மேலே போன் போட்டுச் சொன்னார். காரில் ஏறும்போது, "கடைசிச் சுற்றில் கைப்பிடியில் இருந்தவர் யார்? அவரை விட்டுவிடாதீர்கள்" என்று கேட்டார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கயல்விழி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சிரிக்கவே இல்லை.

"ஐயாதான் சார். இந்த மாதிரி கை எங்க தேடினாலும் கிடைக்காது. வச்சா வச்ச இடத்துல இருக்கும்."

ஆக, காலமெல்லாம் கண்ணாலும் கையாலும் விமானத்தைத் துரத்தியவனுக்கு உத்தியோகம் நிரந்தரமானது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டதால்தான். அந்த அதிகாரி இன்னும் என் கைராசி என்றே நம்பிக்கொண்டிருப்பதால், இதையெல்லாம் யார் சொன்னது என்று மட்டும் தயவுசெய்து யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.